கூர்நோக்கு இல்லமா, வீடா? சிறார் ஜாமீனில் குழுமம் பார்ப்பவை

பதினாறு வயதுப் பையனைத் திருட்டு வழக்கில் போலீஸ் அழைத்துப் போனதும், அவன் செய்யவில்லை என்று காட்டத்தான் பெற்றோர் ஆதாரம் தேடி அலைகிறார்கள். அதெல்லாம் பின்னால் விசாரணையில் வரும். ஜாமீன் கேட்கும் நாளில், 18 வயதுக்குட்பட்டோர் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் இருக்கும் கேள்வி வேறு. இவனை இன்று விட்டால் எங்கே போவான், யார் பார்த்துக்கொள்வார்கள்?

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்றாலும் சிறாரை ஜாமீனில் விடுவதே விதி. மறுக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான். அவனுக்கு உடல், மன, ஒழுக்க ரீதியில் ஆபத்து வரும். நீதியின் நோக்கம் கெட்டுப்போகும். எந்தக் காரணம், ஏன் என்பதைக் குழுமம் உத்தரவில் எழுதியாக வேண்டும். குற்றத்தின் கடுமை இந்த மூன்றில் இல்லை. ஆனால் மூன்றாவது காரணம் மிக அகலமானது. கடுமையான வழக்குகளில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி மறுத்துவிடுகிறார்கள். நீதியின் நோக்கம் எப்படிக் கெடும் என்று வழக்கறிஞர் விடாமல் கேட்க வேண்டிய இடம் இது.

பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது, கைவிலங்கும் கூடாது. குழுமம் அமராத நாளில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினாலே போதும். விடுமுறை என்று காத்திருக்க வைப்பது தவறு.

குழுமம் முதலில் படிப்பது போலீஸ் தரும் சமூகப் பின்னணி அறிக்கையை. குடும்பச் சூழலை விசாரிக்கும் நன்னடத்தை அலுவலரின் விரிவான அறிக்கைக்கு இரண்டு வாரம் அவகாசம் உண்டு. அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் விசாரித்துவிட்டு 'பெற்றோர் கவனிப்பு இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அதுவே இரண்டாவது காரணமாக மாறிவிடும். அதனால் குடும்பம் வெறுங்கையோடு போகக்கூடாது. பள்ளியிலோ வேலையிலோ சேர்ந்திருப்பதற்கான கடிதம், பகலில் யார் வீட்டில் இருப்பார்கள் என்ற விவரம், தகராறு நடந்த தெருவிலிருந்து விலகி வாழும் பெரியம்மாவோ மாமாவோ வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அவர்களே நேரில் வருவது: இவை கண்ணீரைவிடப் பயன்படும். தக்க நபர் ஒருவரின் பராமரிப்பிலோ நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ விடவும் சட்டம் இடம் தருகிறது. பெற்றோர் இல்லை என்பதற்காகவே உள்ளே வைக்க வேண்டியதில்லை.

வயதில் சந்தேகம் வந்தால் எல்லாமே நின்றுபோகும். பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இவை எதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையில் இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தார் கிடைக்காமல், வழக்கு நடக்கும்போது சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்திலேயே கிடக்கும் பிள்ளைகள்தான் மிகவும் வேதனை தருகிறார்கள். நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றியமைப்பதற்காகச் சிறாரை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று அதே 12ஆம் பிரிவு சொல்கிறது. யாரும் நினைவூட்டாவிட்டால் அந்த நாள் சத்தமில்லாமல் கடந்துவிடும். எட்டாம் நாள் காலை மனு தயாராக இருக்கட்டும். ஜாமீனே மறுக்கப்பட்டிருந்தால், குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறது. அதற்கான வழக்கறிஞரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் அமர்த்தித் தரும்.