புது போன் வாங்கும் முன் சிம்மை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

கோத்தகிரியில் 17 ஆண்டுகளாகப் போன் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். ஆனி பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் என் மேசைக்கு வருகிறவர்கள் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "சிக்னலே இல்லை." அடுத்த கேள்வியும் உடனே வரும்: "புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆண்டு மழைக்காலத்தில், சோலூர்மட்டம் போகும் வழியிலுள்ள ஓர் அட்டியிலிருந்து, அதாவது மலைச் சிற்றூரிலிருந்து, ஓர் அம்மா வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். துணிப்பையிலிருந்து இரண்டு போன்களை எடுத்து வைத்தார். ஒன்று மூன்று ஆண்டுப் பழையது. மற்றொன்றின் திரையில் ஒட்டிவந்த தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. பழைய போனில் சிக்னல் வரவில்லை என்று வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசியிருக்கிறார். "உங்கள் பகுதியில் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது. உங்கள் போன்தான் பழையது, 5ஜி போனுக்கு மாறுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் கடன் தவணையில் 16,000 ரூபாய்க்குப் புதுப் போன் வாங்கி அனுப்பிவிட்டார்.

"இதிலும் அதே கதைதான் தம்பி" என்றார் அம்மா.

வங்கியிலிருந்து ஓடிபி வரவேண்டுமானால் அவர் வீட்டைவிட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்தின் மேல்கோடியில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தடிக்கு ஏறவேண்டும். பொழுது சாய்ந்தால் அங்கே கரடி நடமாட்டம் உண்டு. சிக்னல் பிடிக்க அந்த வயதில் ஒருவர் கரடி வரும் இடத்துக்கு ஏறுகிறார் என்று கேட்டபோது எனக்குப் பதறியது. பச்சைத் தேயிலை பறித்து 16,000 ரூபாய் சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்பது இந்த மலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் போயும் அவர் மரத்தடிக்கு ஏறுவது நிற்கவில்லை.

சிக்னல் வராமல் போக மூன்று இடங்களில் குறை இருக்கலாம்: போன், சிம், டவர். எது என்று தெரியாமல் பணம் செலவழிக்காதீர்கள். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை அழையுங்கள். உங்கள் சிம்மை அவர் போனிலும் அவர் சிம்மை உங்கள் போனிலும் போட்டு, இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்துப் பாருங்கள். குறை சிம்மோடு நகர்ந்தால் சிம்மை மாற்றினால் போதும். போனிலேயே தங்கினால் போனைப் பழுதுபார்க்க வேண்டும். இரண்டு போனிலும் இல்லையென்றால் குறை டவரில். இந்தச் சோதனையை வீட்டில்தான் செய்யவேண்டும். பஜாருக்கு வந்து என் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு "இங்கே நன்றாக எடுக்கிறதே" என்று குழம்புகிறவர்கள் ஏராளம். பஜாரில் டவர் அருகில் இருக்கிறது. உங்கள் வீடு மலைச்சரிவின் மறுபக்கம் இருக்கிறது.

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் போனால் சிம் நிலை என்று இருக்கும். அதில் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில், மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 நல்ல சிக்னல். மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். மைனஸுக்குப் பின்னால் பத்து எண் கூடினால் பத்து எண்தானே என்று நினைக்கவேண்டாம், சிக்னல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று பொருள். அந்த அம்மாவின் வீட்டு அடுப்படியில் இரண்டு போன்களிலும் மைனஸ் 118 காட்டியது. பழைய போனில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வந்தால், அங்கே உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லை, வேறொரு நிறுவனத்தின் சிக்னல் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். 112க்குப் போகும் அழைப்பை எந்த நிறுவனத்தின் டவரும் ஏற்றுக்கொள்ளும். காட்டெருமையோ கரடியோ தாக்கிவிட்ட நேரத்தில் சிக்னல் இல்லையென்று போனைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

குறை போனில்தான் இருக்கும் சமயங்களும் உண்டு. தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டும் ஒரு தம்பி எட்டு மாதம் நெட்வொர்க் நிறுவனத்தோடு சண்டை போட்டிருக்கிறார். எண்ணை மாற்றாமல் இரண்டு முறை நிறுவனம் மாறியும் பார்த்துவிட்டார். "எப்போதாவது டிஸ்பிளே மாற்றினீர்களா?" என்று கேட்டேன். மாற்றியிருக்கிறார், சாலையோரக் கடை ஒன்றில். பின்மூடியைச் சூடாக்கித் திறந்து, லென்ஸ் வழியே பார்த்தேன். போனின் மேல்பலகையிலிருந்து கீழ்ப்பலகைக்குத் மெல்லிய கறுப்பு வயர் ஒன்று ஓடும். அதுதான் ஆன்டெனா கேபிள். அதன் நுனியிலிருக்கும் கடுகளவு பித்தளைப் பொத்தான் தன் குழியில் உட்காராமல் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. பிளாஸ்டிக் குச்சியால் அழுத்தினேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எட்டு மாதச் சண்டை முடிந்தது. டிஸ்பிளே, பேட்டரி, சார்ஜ் போடும் இடம் என எதை மாற்றினாலும், கடையை விட்டுக் கிளம்பும் முன் சிக்னல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் அதே இடத்தில் பார்த்து எழுதிவைத்திருந்தால் இன்னும் நல்லது.

மலைக் காற்றின் ஈரமும் போனுக்குப் பகை. வெளியே குளிரில் கிடந்த போனை அடுப்பருகே கொண்டுபோய் வைத்தால் உள்ளே நீர் கோக்கும். நாளடைவில் சிம் தொடும் இடத்திலும் ஆன்டெனா தகடுகளிலும் பச்சை பிடிக்கும். இதைச் சுத்தம் செய்யச் சில நூறு ரூபாய் போதும். உலோகத் தகடு பதித்த உறையும், முதுகில் ஒட்டும் காந்த வளையமும் ஆன்டெனாவை மறைக்கக்கூடும். முதலில் அவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

மூடுபனி சிக்னலைத் தின்றுவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். போன் பயன்படுத்தும் அலைகளைப் பனி அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. நனைந்த மரங்கள் செய்யும், மலைமுகடு செய்யும், மின்வெட்டு எல்லாவற்றையும்விட அதிகம் செய்யும். மரம் விழுந்து கம்பி அறுந்தால் டவர் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும். டீசல் வண்டி வந்து சேராவிட்டால் அணைந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

5ஜி போன் வாங்கினால் சிக்னல் கூடும் என்பது இந்த மலையில் பெரும்பாலும் பொய்த்துப்போகும் நம்பிக்கை. அலைவரிசை எண் சிறிதானால் அலை மேடு பள்ளங்களை வளைந்து தாண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பள்ளத்து அட்டிக்கும் எட்டக்கூடியவை. 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்கு ஒரு முகடு குறுக்கே வந்தாலே போதும், நின்றுவிடும். ஆகவே போன் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கேமராவைப் பார்க்கும் முன் அது எந்தெந்த பேண்டுகளை, அதாவது அலைவரிசைப் பிரிவுகளை, எடுக்கும் என்று பாருங்கள். பி.எஸ்.என்.எல். 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது. அதற்கு 28ஆம் பேண்ட் வேண்டும், பழைய போன்கள் பலவற்றில் அது இல்லை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, எனவே 4ஜி வழியே பேசும் வோல்ட்டி வசதி வேலை செய்யாத போனில் அந்தச் சிம்மைப் போட்டுச் சாதாரண அழைப்பு பேச முடியாது. பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அதில் எந்தச் சிம்மும் எடுக்காது. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் வைஃபை அழைப்பு வசதியுள்ள போனாகப் பாருங்கள். டவரே இல்லாத பள்ளத்திலும் பேசலாம்.

குறை டவரில் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சேவை எண்ணில் பேசுகிறவர் வேறெங்கோ உட்கார்ந்து நம் பின்கோடைத் தட்டிப் பார்க்கிறார். சமவெளியில் ஒரு பின்கோடு என்றால் ஓர் ஊர். இங்கே ஒரே பின்கோடுக்குள் நான்கு முகடுகளும் ஐந்து பள்ளங்களும் அடங்கிவிடும். முகட்டில் டவர் இயங்கினால் அவருக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. வரைபடச் செயலியில் உங்கள் வீட்டை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அவற்றைச் சொல்லுங்கள். காலை, மதியம், இரவு எடுத்த சிக்னல் எண்களைச் சொல்லுங்கள். "இரண்டு போனில், இரண்டு சிம்மில் சோதித்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அதன்பின் போனை மாற்றச் சொல்ல அவருக்கு இடமிருக்காது.

ரீசார்ஜ் திட்டம் விற்கும் எண்ணில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். புகாருக்கென்று 198 இருக்கிறது, கட்டணம் இல்லை. புகார் எண் கேட்டு வாங்குங்கள், எஸ்எம்எஸ்ஸிலும் வரும். அந்த எண் இல்லாமல் அரைமணி நேரம் பேசினாலும் அது கணக்கில் வராது. அம்மாவின் புகார் மூன்று நாளில் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. மைனஸ் 118 அப்படியே இருந்தது. பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கவேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் அவரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தனிநபர் புகாரை ட்ராய் நேரடியாக விசாரிக்காது, அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சேவை எங்கெங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் அட்டியில் சேவை இருப்பதாக அதில் வண்ணம் பூசப்பட்டிருந்தால் அதைப் படமெடுத்து மேல்முறையீட்டோடு வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு சேவைக் குறைக்கு அங்கே போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதும் ஒரு வழிதான். ஆனால் முதலில் அந்த நிறுவனத்தின் சிம் உள்ள ஒருவரை வீட்டுக்கு அழைத்து அவர் போனில் சிக்னல் எண்ணைப் பாருங்கள். மாறிய பிறகு 90 நாட்களுக்கு மறுபடி மாற முடியாது. சிம் தொலைந்தோ பழுதாகியோ மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதையும் மனத்தில் வையுங்கள். வங்கி வேலை இருக்கும் நாளில் அதைச் செய்யவேண்டாம்.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கருவியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். எஸ்டேட் பங்களாக்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஆன்லைனில் வாங்கி மாட்டுகிறார்கள். அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம். அது எழுப்பும் இரைச்சல் டவரின் காதை அடைத்துவிடும். 4ஜியில் நம் கையிலிருக்கும் போன் அதிகபட்சம் கால் வாட்டுக்கும் குறைவான சக்தியில்தான் டவரோடு பேசுகிறது. ஒரு பங்களாவின் பூஸ்டருக்காகக் கீழே உள்ள அட்டி முழுவதும் பிரசவ வலிக்குக்கூட 108ஐ அழைக்க முடியாமல் தவிக்கக் கூடாது.

அம்மாவின் மேல்முறையீட்டை நானும் உட்கார்ந்து எழுதினேன். 23ஆம் நாள் ஒரு பொறியாளர் வந்தார். எதிர்முகட்டு டவரில் அந்த அட்டியைப் பார்த்திருக்க வேண்டிய ஆன்டெனா, காற்றில் பிடி தளர்ந்து காட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. சரிசெய்த அன்று மாலை அடுப்படியில் மைனஸ் 99. புதுப் போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டுப் பழைய போனையே மறுபடி எடுத்துக்கொண்டார்.

போன வாரம் சிம் ட்ரேயைத் துடைக்க வந்தார். மின்சாரம் போகும் இரவுகளில் டவர் இன்னும் அணைந்துவிடுகிறதாம். அதற்கான புகார் எண்ணை வீட்டு நாட்காட்டியில் தேதிக்கு நேராகப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். மேல்முறையீடு செய்ய இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.