நாலாம் நாள் இறங்கிய சர்க்கரை

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் தறி ஓடுகிறது. அண்ணனுக்கு 44 வயது, 128 கிலோ எடை, ஆறு வருடமாகச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின் ஊசி. போன மாதம் அவருக்கு வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இப்போதைக்கு இன்சுலின் வேண்டாம், மாத்திரை மட்டும் போதும், அடுத்த வாரம் வந்து காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

"எடை இரண்டு கிலோகூட இறங்கவில்லை. உடம்பு இளைத்தால் சர்க்கரை இறங்கும் என்றுதானே சொன்னார்கள்? இங்கே சர்க்கரை முதலில் இறங்கிவிட்டதே, எப்படி? அம்மா கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதால்தான் என்கிறார்." இதுதான் கேள்வி. ஆடித் திருவிழாவில் அண்ணன் கூழ் குடிக்கலாமா என்று இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பிள்ளை ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கும்போது வெளியே உட்கார்ந்திருக்கும் தாய் வேண்டிக்கொள்ளத்தான் செய்வார். ஆனால் இந்த ஆச்சரியம் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1966இல் இந்த பைபாஸைத் தொடங்கிவைத்தார். எடை குறைய வேண்டும் என்பது மட்டுமே அன்றைய நோக்கம். 1995இல் வால்டர் போரீஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தாங்கள் ஆபரேஷன் செய்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதியபோதுதான் விஷயம் பெரிதாக வெளியே வந்தது. சர்க்கரை இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கட்டுக்குள் வந்திருந்தது. அதுவும் எடை இறங்கும் முன்பே, சில நாட்களில்.

ஆபரேஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரைப்பையின் மேல் நுனியை மட்டும் தனியாகப் பிரித்து, சுமார் 30 மில்லிலிட்டர் பிடிக்கும் சின்னப் பையாக்குகிறார்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். அப்புறம் சிறுகுடலைச் சற்றுக் கீழே வெட்டி, அந்தக் கீழ்ப்பகுதியை மேலே இழுத்து இந்தப் பையோடு தைக்கிறார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் நேராகக் கீழே போகும். பித்தநீரும் கணைய நீரும் பழைய வழியிலேயே வந்து, இன்னும் கீழே சாப்பாட்டோடு சேர்ந்துகொள்ளும். இன்னொரு வகை ஸ்லீவ். அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது ஒரு வாழைப்பழ வடிவக் குழாய். இன்று உலகில் அதிகம் நடப்பது இதுதான்.

பை சின்னதானால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் எடை இறங்கும். வெகுகாலம் மருத்துவர்களே இப்படித்தான் நினைத்தார்கள். அது மட்டும்தான் காரணம் என்றால் இந்த ஆபரேஷன் சில மாதங்களில் தோற்றிருக்க வேண்டும். ஏனென்றால் சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் டிவி போட்டி ஒன்றுக்காகக் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனாலும் சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழித்தும் உடம்பு பஞ்ச காலக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று பருமனானவர்களைப் பார்த்துச் சொல்கிறோமே, அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லி ஒருவரை அழ வைத்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஆபரேஷன் ஆனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பசியே இல்லை" என்பார்கள். சாப்பாட்டைக் குறைத்தவருக்குப் பசி கூடத்தானே வேண்டும்? இங்கே குறைகிறது. அப்படியானால் பையின் அளவைத் தாண்டி வேறு ஏதோ மாறியிருக்கிறது.

அது குடலின் பேச்சு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

சாயங்காலம் தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட் வாங்குகிறீர்கள். கடைக்காரர் ஒரு தட்டுவடையில் பச்சைச் சட்னி, இன்னொன்றில் சிவப்புச் சட்னி தடவி, நடுவில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்து அழுத்தித் தருகிறார். கடித்தால் நொறுங்குகிறது. அந்த வாய் இரைப்பையில் கூழாகி, சிறுகுடலுக்குள் இறங்கி, சுமார் ஆறு மீட்டர் பயணத்தைத் தொடங்குகிறது. குடலின் உள்சுவர் முழுக்க உறிஞ்சும் செல்கள். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, குடுவை வடிவில் சில செல்கள் உட்கார்ந்திருக்கும். எல் செல்கள் என்று பெயர். குடுவையின் கழுத்து குடலின் உட்பக்கம் நீட்டிக்கொண்டு, வரும் சாப்பாட்டைத் தொட்டுப் பார்க்கிறது. அடிப்பக்கம் ரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டி இருக்கிறது. மேலே குளுக்கோஸோ கொழுப்போ புரதமோ பட்டதும் கீழே ஒரு ஹார்மோனை விடுகிறது. அதன் பெயர் ஜிஎல்பி-1.

முப்பது அமினோ அமிலம் கோத்த குட்டி மாலை அது. கணையத்துக்குப் போய் இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது. அதிலும் ஒரு நேர்த்தி: ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மட்டுமே அந்தச் சொல் செல்லும். சர்க்கரை சரியாக இருந்தால் கணையம் அதைக் கண்டுகொள்ளாது. இரைப்பையிடம் "மெதுவாக இறக்கு" என்கிறது. வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு "போதும்" என்று சேதி போகிறது. குளுக்கோஸை ஊசி வழியாக ஏற்றுவதைவிட வாய் வழியாகக் கொடுத்தால் இன்சுலின் நிறையவே அதிகம் சுரக்கிறது என்று 1964இலேயே கண்டிருந்தார்கள். குடல்தான் இடையில் புகுந்து சொல்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்தச் சேதியை எடுத்துப் போகிறவர்களில் ஒருவர் இந்த ஜிஎல்பி-1.

இனி பைபாஸுக்கு வருவோம். எல் செல்கள் குடலின் கடைசிப் பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. சேலத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் இறங்கிக்கொண்டே போவார்கள். கடைசி ஊருக்குப் போய்ச் சேரும்போது பஸ்ஸில் நாலைந்து பேர்தான். அங்கே டீக்கடை வைத்திருப்பவருக்குக் கூட்டம் என்பதே தெரியாது. நாம் தின்னும் மாவுச்சத்தும் அப்படித்தான், பெரும்பகுதி மேல் குடலிலேயே இறங்கிவிடும். நம் ஊர் ஜவ்வரிசி முக்கால்வாசிக்கு மேல் மாவுச்சத்து, நாரே கிடையாது என்று சொல்லலாம். அதில் காய்ச்சிய பாயசம் மேல் குடலிலேயே குளுக்கோஸாகி ரத்தத்துக்குள் போய்விடும். பைபாஸ் செய்தபின் இதே பஸ் இடைநில்லாப் பேருந்து ஆகிவிடுகிறது. முன்னைவிட நிறைய ஆட்கள் கடைசி ஊரில் போய் இறங்குகிறார்கள். டீக்கடையில் ஒரே கூட்டம். சாப்பாட்டுக்குப் பின் ஜிஎல்பி-1 பல மடங்கு ஏறுகிறது. உங்கள் அண்ணனின் கணையத்துக்கு, பல வருடமாகக் காதில் விழாத குரல் நாலாம் நாளே உரக்கக் கேட்டிருக்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்த நாலு நாளும் அவர் குடித்தது தெளிந்த கஞ்சியும் மோரும்தான் இருக்கும். யார் அப்படிப் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவது குறையும். முதல் வார இறக்கத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜிஎல்பி-1 மட்டுமே நாயகன் என்றும் சொல்ல முடியாது. அதைக் கேட்கும் ஏற்பியே இல்லாத எலிகளுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் செய்தபோதும் எடை குறைந்திருக்கிறது. பிஒய்ஒய் என்ற இன்னொரு ஹார்மோன், பித்த அமிலங்கள் என்று பல குரல்கள் சேர்ந்து பேசுகின்றன. ஸ்லீவில் வெட்டி எறியும் பகுதியிலிருந்துதான் பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஸ்லீவுக்குப் பின் அது நன்றாகக் குறைந்துவிடுகிறது.

சரி, ஜிஎல்பி-1 இவ்வளவு நல்லது என்றால் அதையே ஊசியாகப் போட்டால் என்ன? முயன்றார்கள். நிலைக்கவில்லை. ரத்தத்தில் டிபிபி-4 என்றொரு நொதி கத்தரிக்கோல் போல அலைகிறது. அது ஜிஎல்பி-1ன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலத்தை நறுக்கிவிடும். இரண்டே நிமிடத்தில் பாதி காலி.

வழி காட்டியது ஒரு பல்லி. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களிலும் வட மெக்சிகோவிலும் வாழும் ஹீலா மான்ஸ்டர். நம் உடும்பைப் போலத் தடித்த உடம்பு, கறுப்பும் ஆரஞ்சும் கலந்த தோல், நஞ்சு உண்டு. வருடத்தில் சில வேளை சாப்பிட்டே வாழ்ந்துவிடும். நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த ஜான் எங், நஞ்சுகளில் புதிய ஹார்மோன்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1992இல் இந்தப் பல்லியின் நஞ்சிலிருந்து எக்சென்டின்-4 என்ற பொருளைப் பிரித்துக் காட்டினார். ஏறக்குறைய பாதி அப்படியே ஜிஎல்பி-1. ஆனால் இரண்டாவது இடத்தில் அலனினுக்குப் பதில் கிளைசின். அந்த ஒரு மாற்றமே போதும், கத்தரிக்கோல் அங்கே வாய் வைக்க முடியவில்லை. மணிக்கணக்கில் நின்று வேலை செய்தது. அதன் செயற்கை வடிவம் எக்செனடைடு என்ற பெயரில் 2005இல் சர்க்கரை மருந்தாக வந்தது.

இன்று எல்லோரும் பேசும் செமாகுளுடைடில் மனித ஜிஎல்பி-1ஐயே எடுத்து அதே இரண்டாவது இடத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கூடவே ஒரு கொழுப்பு அமில வாலையும் ஒட்டவைத்தார்கள். அந்த வால் ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. இரண்டு நிமிட ஆயுள் ஒரு வாரமானது. அதனால்தான் வாரத்துக்கு ஒரே ஊசி. 2021இல் வந்த ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. டிர்செபடைடு என்ற ஊசி, ஜிஎல்பி-1 போலவும் இன்னொரு குடல் ஹார்மோன் போலவும் சேர்த்து வேலை செய்வது. அதிக டோஸில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். இந்த இரண்டும் எடைக்கான மருந்தாக 2025இல் நம் கடைகளுக்கு வந்துவிட்டன.

இங்கே என் மனதில் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பல்லி நஞ்சை ஆராய்பவரிடம் "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று 1992இல் கேட்டிருந்தால் அவரால் "உடல் பருமன்" என்று சொல்லியிருக்க முடியாது. நம் நாடு மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 2020–21 கணக்கின்படி 0.64 சதவீதம். சேர்வராயன் மலையில் எத்தனை பூச்சி, எத்தனை தவளை, எத்தனை செடி! அவற்றின் வேதியியலை வருடக்கணக்கில் பொறுமையாகப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். உடனே லாபம் காட்டு என்று கேட்காமல் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பல்லியிலிருந்து மருந்து என்றதும் உடும்புக் கறி, உடும்பு எண்ணெய் என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். இந்த ஊசிக்காக ஒரு பல்லியும் சாவதில்லை, எல்லாம் ஆலையில் செய்வது. உடும்பைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதன் எண்ணெயில் எடை குறைக்கும் சரக்கு எதுவும் இல்லை. "இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை வைத்துக் கொள்ளுப் பொடி விற்கிறார்கள். கொள்ளு ரசம் எனக்கும் பிடிக்கும். நாரும் புரதமும் உள்ள நல்ல பயறு. இருக்கிற கொழுப்பை அது உருக்காது. டாக்டர் சீட்டில்லாமல் எடைக்கு மாத்திரை வாங்குவதும் வேண்டாம். சிபுட்ரமின் என்ற மாத்திரை ஒரு காலத்தில் தாராளமாக விற்றது. இதயத்துக்குக் கெடுதல் என்று 2011இல் நம் நாட்டில் தடை செய்தார்கள்.

ஊசியா ஆபரேஷனா என்று கேட்பவர்களுக்கு: ஊசியில் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கும் வரும், பித்தப்பைக் கல்லும் சிலருக்கு. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஆகாது. நிறுத்தினால் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவிட்டதை ஆய்விலேயே பார்த்தார்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் திரும்புவது போலத்தான், அது நோயாளியின் குற்றம் இல்லை. ஆபரேஷனின் பலன் நீண்ட நாள் நிற்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் இல்லை. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுவதால், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 25ஐத் தாண்டினாலே பருமன் என்று கொள்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அந்தக் கோட்டில் அல்லது அதற்கு மேல் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் கத்தி தேவையில்லை. பிஎம்ஐ 35க்கு மேல் இருப்பவர்களுக்கும், நம்மைப் போன்ற ஆசியர்களில் 27.5க்கு மேல் இருந்தாலே கூட, ஆபரேஷனை யோசிக்கலாம் என்று இந்த அறுவை மருத்துவர்களின் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் அண்ணன் அந்த வரம்பை எப்போதோ தாண்டியவர்.

இப்போது கூழ். தையல் ஆறி, வழக்கமான சாப்பாட்டுக்கு டாக்டர் அனுமதி கொடுத்தபின் தாராளமாகக் குடிக்கலாம். சின்ன டம்ளரில், மோர் கலந்து, வாய் வாயாக, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு. கூடவே பந்தலில் கொடுக்கும் பானகத்தை மட்டும் வாங்க வேண்டாம். வெல்லத் தண்ணீர் அந்தச் சின்னப் பையில் நிற்காமல் குடலுக்குள் கொட்டும். குடல் சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல். டம்பிங் என்பார்கள். அப்புறம், பி12 உறிஞ்சுவதற்கு இரைப்பையின் உதவி வேண்டும், இரும்பும் கால்சியமும் உறிஞ்சும் முன்சிறுகுடலைச் சாப்பாடு இனித் தொடாது. அதனால் அந்தச் சத்து மாத்திரைகள் அவருக்கு ஆயுள் முழுக்க உண்டு. உடம்பு தேறிவிட்டது என்று ஒரு வருடத்தில் நிறுத்திவிடுவார்கள் பலர். தறி வேலையில் கை கால் மரத்துப்போனால் தறியால் என்று நினைத்துக்கொள்வார், பி12 குறைந்தாலும் அப்படித்தான் மரக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொல்லி நீங்கள்தான் அவரைக் கூட்டிப்போக வேண்டும்.