செபே: துப்பாக்கியில் கட்டிய எழுத்து

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, கினி நாடுகளில் வேட்டைக்காரர்களைத் தொன்சோ என்பார்கள். கொல்லர் அடித்துக்கொடுத்த அவர்களுடைய நீளத் துப்பாக்கிகளில் சிறு தோல் பொட்டலங்கள் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். பொட்டலத்தின் பெயர் செபே. ‘எழுது’ என்று பொருள்படும், மாலியில் பேசும் பம்பாரா மொழியின் ‘செபென்’ இதற்கு உறவு. கானாவில் அசாந்தி மக்களின் துவி மொழியும் ‘செபே’ என்றே இதை எடுத்துக்கொண்டது. இதற்கே பிரெஞ்சுக்காரர்கள் பரப்பிய ‘கிரிகிரி’ என்ற பெயரில்தான் எழுத்து என்ற பொருள் தொலைந்துபோனது.

பிரித்தால் உள்ளே ஒரு தாள். அதில் குர்ஆன் வசனம், சிலவற்றில் எண் நிரப்பிய கட்டமும் உண்டு. மடித்து, நூல் சுற்றி, தோலுறைக்குள் வைத்து நாற்புறமும் தைத்துவிடுவார்கள். எழுத்தைக் கழுவிய நீருக்கும் அதே ஆற்றல் உண்டென்பது நம்பிக்கை. 1796இல் அப்பக்கம் போன ஸ்காட்லாந்துப் பயணி முங்கோ பார்க் எழுதிக்கொடுத்த பலகையை, அவர் தங்கிய வீட்டுக்காரர் கழுவிக் குடித்துவிட்டு நக்கியும் எடுத்தாராம்.

குறி தப்பாமலிருக்க மட்டும் கட்டுவதல்ல இது. கொல்லப்பட்ட விலங்கிலிருந்து ‘ஞாமா’ என்ற ஆற்றல் கிளம்பிக் கொன்றவனைத் தாக்கும் என்பார்கள். அதைத் தடுப்பதும் இதன் வேலை. காப்பு பலிக்காவிட்டால், கட்டியவன் செய்யக்கூடாததைச் செய்து விலக்கை மீறினான் என்பதே வழக்கமான விளக்கம். குழல் வெடிப்பது வேறு கதை: தண்ணீர்க் குழாயில் செய்த குழலுக்குள் கருமருந்தைக் கூடுதலாகக் கெட்டித்தால் பின்பக்கம் பிளந்துகொள்ளும்.

துப்பாக்கியிலுள்ள தோலெல்லாம் செபே ஆகிவிடாது. குழலையும் கட்டையையும் சேர்த்துச் சுற்றிய தட்டையான பச்சைத்தோல் பட்டை, காயும்போது சுருங்கி இறுக்குவதற்காகப் போட்டது. செபே உப்பலாக, மூடித் தைத்ததாக இருக்கும்.

செபே கட்டிய துப்பாக்கியைத் தமிழில் ‘மந்திரத் துப்பாக்கி’ என்பது பிழை. மந்திரம் பொட்டலத்தில் இருக்கிறது. பொட்டலத்துக்குத் ‘தாயத்து’ பொருந்தும். தாய் + அத்து என்று பிரித்துக் காட்டுவது பின்னால் கட்டிய கதை. சொல் அரபு ‘தஅவீது’ வழி வந்தது. ‘துப்பாக்கி’யும் துருக்கிச் சொல்தான். பம்பாராவில் துப்பாக்கிக்கு ‘மரிஃபா’. அதுவும் அரபுக் கடன். தனித்தமிழ் வேண்டுவோர்க்குக் ‘காப்பு’ இருக்கிறது. கையில் கட்டுவதும் காப்பு, நூலின் முதலில் எழுதுவதும் காப்பு. எழுத்தே காவல் என்னும் செபேயின் பொருள் அதில் அப்படியே விழுகிறது. ஆகவே, ‘காப்புக் கட்டிய துப்பாக்கி’.