புறநோயாளிகள் பிரிவின் வரிசையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கக் கற்பது

மருத்துவமனை நிர்வாகக் கூட்டங்களில் புறநோயாளிகள் பிரிவின் நெரிசலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கணக்கு தவறாமல் முன்வைக்கப்படுகிறது. ஒரு நோயாளியைப் பார்க்க மருத்துவருக்குச் சராசரியாக 6 நிமிடம் ஆகிறது, எனவே மணிக்கு 10 பேரைப் பார்க்கலாம், வருவதோ மணிக்கு 9 பேர்தான், ஆகவே ஆள் பற்றாக்குறை இல்லை என்பதே அந்தக் கணக்கு. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையே இல்லாத இந்தக் கணக்கை நம்பி முடிவெடுப்பதால்தான், கைக்குழந்தையோடு வந்த தாயும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்த முதியவரும் முற்பகல் முழுவதையும் பெஞ்சிலேயே கழிக்க நேர்கிறது. மருத்துவமனை வரிசைகளுக்குச் சிமுலேஷன் மாதிரிகள், அதாவது நிஜ வரிசையைப் போலவே கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகள், உருவாக்குவது என் தொழில். இத்துறையைக் கற்கத் தொடங்கும் மாணவர்களும், அத்தகைய மாதிரிகளை நம்பி முடிவெடுக்கும் நிர்வாகிகளும் எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நோயாளிகள் 6 நிமிடம் 40 நொடிக்கு ஒருவராக வந்து, ஒவ்வொருவருக்கும் சரியாக 6 நிமிடமே ஆகுமானால், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பேருந்து வந்து நின்றதும் நால்வர் சேர்ந்து வருகிறார்கள். ஒருவருக்கு 2 நிமிடமும் மற்றொருவருக்கு 15 நிமிடமும் ஆகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் வரிசையை உண்டாக்குகிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் எர்லாங் 1909 முதல் எழுதிய ஆய்வுகளே இதற்கான கணிதத்துக்கு அடித்தளம். அந்த மரபில் வந்த எளிய சூத்திரத்தில், வருகையும் சேவை நேரமும் முற்றிலும் சமவாய்ப்பாக, அதாவது தற்செயலாக, அமைவதாகக் கொண்டு நம் மருத்துவரின் எண்களை இட்டால், மணிக்கு 8 பேர் வரும்போது சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம், 9 பேர் வந்தால் 54 நிமிடம், ஒன்பதரை என்றால் 114 நிமிடம். மணிக்கு ஒரே ஒரு நோயாளி கூடியதற்குக் காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேலாகிவிடுகிறது. சராசரியை மட்டும் பார்ப்பவரின் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

அப்படியானால் சூத்திரமே போதாதா என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. நீண்ட நேரம் ஒரே சீராக இயங்கி நிலைபெற்றுவிட்ட வரிசைக்குத்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். புறநோயாளிகள் பிரிவோ, கதவு திறக்கும்போதே வாசலில் ஒரு கூட்டத்தோடு தொடங்கி, நண்பகலில் முடிந்துவிடுகிறது. நிலைபெற அதற்கு நேரமே இல்லை. பிரிட்டனின் நார்மன் பெய்லி 1952இல் புறநோயாளிகளின் முன்பதிவு முறையை ஆராய்ந்தபோது, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பல மருத்துவ அமர்வுகளை நடத்திப் பார்த்தது இதனால்தான். தொடக்கத்தில் இருவரை வரச்சொல்லிவிட்டு, அதன் பிறகு சராசரிச் சேவை நேரத்துக்கு ஒருவராக அழைக்கும் முறை அவ்வாராய்ச்சியிலிருந்து வந்தது.

கற்கத் தொடங்குபவர் முதலில் மென்பொருளைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தாளும் பேனாவும் போதும். ஐந்து நோயாளிகள் 8.00, 8.03, 8.04, 8.12, 8.13 மணிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முறையே 5, 7, 4, 6, 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் 8.05க்கு வெளியே வர, இரண்டாமவர் 2 நிமிடம் காத்திருந்து உள்ளே போய் 8.12க்கு வருகிறார், மூன்றாமவர் 8 நிமிடமும், நான்காமவர் 4 நிமிடமும், ஐந்தாமவர் 9 நிமிடமும் காத்திருக்கிறார்கள். முன்னவர் காத்திருந்த நேரத்தோடு அவருக்கான சேவை நேரத்தைக் கூட்டி, இருவரது வருகைக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கழித்தால் அடுத்தவரின் காத்திருப்பு வந்துவிடும். விடை சுழியத்துக்குக் கீழே போனால் அது சுழியம். டெனிஸ் லின்ட்லி அதே 1952இல் வகுத்த இந்த ஒற்றை வரிக் கணக்கை எக்செல் தாளில் ஆயிரம் நோயாளிகளுக்கு நீட்டினால், உங்கள் முதல் சிமுலேஷன் மாதிரி தயாராகிவிடும். இதைக் கையால் ஒருமுறை போட்டவருக்கு, பின்னாளில் எந்த மென்பொருளின் விடை பிசகினாலும் எங்கே தேடுவது என்பது தெரியும்.

உண்மையான உழைப்பு தரவைச் சேகரிப்பதில்தான் இருக்கிறது. மருத்துவமனைக் கணினியிலேயே எல்லா நேரமும் பதிவாகியிருக்கிறதே என்று பலர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பதிவாகியிருப்பது ஓ.பி. சீட்டு அச்சான நேரம். நோயாளி வாசலுக்கு வந்த நேரம் அல்ல. ஆறரை மணிக்கே வந்து நின்றவருக்கு 8.20க்குச் சீட்டுக் கிடைத்திருந்தால், கணினி அவரை 8.20க்கு வந்தவராகவே கருதும். எந்தக் காத்திருப்பை அளக்க வந்தோமோ, அது தரவிலேயே காணாமல் போய்விடுகிறது. ஆகவே கையில் கடிகாரத்தோடு வாசலில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் ஒன்றல்ல என்பதால் வெவ்வேறு நாட்களில் நிற்க வேண்டும். சேவை நேரத்தை அளக்கும்போதும், மருத்துவர் நோயாளியோடு பேசும் நேரத்தை மட்டும் குறிக்காமல், ஒருவர் எழுந்து அடுத்தவர் வந்து அமரும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். முதியோர் மிகுந்த பிரிவில் அது சிறிய நேரமன்று.

அங்கே நிற்கும்போதுதான், நோயாளி செல்லும் வழியென்று நாம் வரைந்துவைத்த படத்தில் வராத பாதைகளும் புலப்படும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து, டோக்கன் இல்லாமலே நேராக மருத்துவர் அறைக்குள் செல்கிறார். வார்டு ரவுண்ட்ஸ் முடியாததால் மருத்துவர் தாமதமாக வருகிறார். இவற்றைச் சேர்க்காத மாதிரி, நோயாளி ஒருமுறைதான் மருத்துவரைப் பார்ப்பார் என்று எண்ணிக்கொண்டு, இல்லாத வசதியை இருப்பதாகக் காட்டும். சீட்டு வழங்க இன்னொரு கவுன்ட்டர் திறந்தும் பயனில்லாமல் போவதற்குக் காரணமும் இங்கேதான் தெரியவரும்: அந்த வரிசை வேகமாகக் கரைந்து, அதே கூட்டம் மருத்துவர் அறை வாசலில் சேர்கிறது.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவருக்கு இலவசமாகக் கிடைக்கும் சிம்பை (SimPy) என்னும் நிரல் தொகுப்பு போதும். படமாகக் காட்ட வேண்டுமென்றால் அரீனா, எனிலாஜிக் போன்றவை உண்டு. திரையில் மனித உருவங்கள் நகர்வதைக் கண்டு மாதிரி சரியென்று நிர்வாகிகள் மயங்கிவிடுவதை மட்டும் அனுமதிக்கக் கூடாது.

மாதிரியை ஒருமுறை ஓட்டிக் கிடைக்கும் விடை ஒரு நாளின் கதை மட்டுமே. வெவ்வேறு சமவாய்ப்பு எண்களோடு பல நாட்களை ஓட்டி, விடையைப் பிழை வரம்போடு, அதாவது அது எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதோடு, சொல்ல வேண்டும். 20 நாட்கள் ஓட்டிய விடையின் பிழை வரம்பைப் பாதியாக்க ஏறத்தாழ 80 நாட்கள் ஓட்ட வேண்டியிருக்கும். நாள் முழுவதும் இயங்கும் அவசர சிகிச்சைப் பிரிவென்றால், மாதிரி ஆளில்லாமல் தொடங்கும் முதல் சில மணி நேரத்தின் முடிவுகளை ஒதுக்கிவிடவும் வேண்டும். காலையில் தொடங்கி மதியம் முடியும் பிரிவுக்கு அது பொருந்தாது.

எதையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், மாதிரி இன்றைய நிலையைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். மாதிரிக்குள் இட்ட எண்களைக் கொண்டே அதைச் சோதிப்பது சோதனையாகாது. பத்து மணிக்கு வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள், கடைசி நோயாளி எப்போது வெளியேறுகிறார் என்பன போன்ற, உள்ளே இடாத அளவுகளோடு ஒப்பிட வேண்டும். அப்பிரிவின் செவிலியரிடம் முடிவுகளைக் காட்டிக் கேட்பதும் மிகப் பயனுள்ளது. “வியாழக்கிழமை இவ்வளவு கூட்டம் இருக்காதே சார்” என்று அவர் சொல்லும் ஒரு வரி, வாரக் கணக்கான வேலையைத் திருத்திவிடும்.

அதன் பின்னரே மாற்று வழிகளை ஒப்பிடலாம்: முதல் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கூடுதல் மருத்துவர், நேரம் குறித்த டோக்கன், ரிப்போர்ட் பார்க்கத் தனி நேரம். எல்லாவற்றையும் ஒரே நோயாளிகள் மீது, அதாவது ஒரே சமவாய்ப்பு எண் வரிசையில் ஓட்டினால்தான், கிடைக்கும் வேறுபாடு திட்டத்தால் வந்ததா தற்செயலா என்பது தெரியும். அறிக்கையில் சராசரிக் காத்திருப்போடு நிறுத்திவிடாமல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையும் தர வேண்டும். அனுமானங்கள் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருத்துவர் 8 மணிக்கு வந்துவிடுவார் என்ற அனுமானத்தில் சிறந்து விளங்கும் திட்டம், அவர் 8.40க்கு வரும் நாளில் எப்படி நடக்கும் என்பதையும் ஓட்டிப் பார்த்து, இரண்டு விடைகளையும் அருகருகே அச்சிட்டுக் கொடுங்கள்.