பட்டா இல்லாதவருக்கு யார் ஜாமீன்?

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் நான் அடிக்கடி காண்பது, ஜாமீன் உத்தரவு கையில் கிடைத்த பிறகும் சிறையிலேயே இருக்கும் மீனவர்களைத்தான். தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று இந்தக் கரை நெடுகிலும் பட்டா இல்லாத வீடுகள் ஏராளம். படகும் வலையும் சம்மாட்டி எனப்படும் படகு முதலாளியுடையவை. சொத்துள்ள இருவர் ஜாமீன் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு சொன்னால், கூலிக்குக் கடலுக்குப் போகிறவரின் மனைவி யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்?

இதற்கு உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1978லேயே, மோதிராம் வழக்கில் விடை சொல்லியிருக்கிறார். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோதிராமுக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியும், கீழமை நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. ஜாமீன் நிற்க வந்த அவருடைய சகோதரரையும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுத்தது. வட இந்தியாவிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் தமிழரும் மலையாளியும் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்கள் என்று அந்தத் தீர்ப்பில் கேட்ட அவர், ஜாமீன்தாரர் இல்லாமல் தானே எழுதிக் கொடுக்கும் 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரிலேயே கொத்தனாரை விடுவிக்கச் சொன்னார். இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் 1975 ஜூன் 24 அன்று அவர் பிறப்பித்த நிபந்தனைத் தடை உத்தரவைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் மதிப்பீட்டில் மோதிராம் தீர்ப்பே பெரியது.

1915இல் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்தவர் கிருஷ்ண ஐயர். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஒரு மாதம் சிறையில் இருந்ததால், கம்பிக்கு உள்ளிருந்து சட்டம் எப்படித் தெரியும் என்பதை அறிந்திருந்தார். 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அமைச்சர், 1968இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றம். இலவச சட்ட உதவி பற்றி அவர் தலைமையிலான குழு 1973இல் அளித்த அறிக்கை, பின்னாளில் வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்துக்கு வழி வகுத்தவற்றுள் ஒன்று.

இன்று நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு, ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவராகக் கருதி, சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரில் விடச் சொல்கிறது. பிணைத்தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்கிறது 484ஆம் பிரிவு. மற்ற குற்றங்களிலும், ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் எனவும், உள்ளூர் ஜாமீன்தாரரை வலியுறுத்த வேண்டாம் எனவும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் மனு போட்டுக் கேட்காமல் இது பெரும்பாலும் நடப்பதில்லை.

அந்த மனுவுக்குக் கட்டணம் தேவையில்லை. காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இதை விட்டுவிட்டு, நீதிமன்ற வாசலில் கூலிக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருவதாகச் சொல்லும் தரகரிடம் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. தரகர்கள் கொண்டுவரும் வரி ரசீதோ சொத்துச் சான்றோ போலி என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாகலாம். உடந்தை என்று குடும்பத்தார் மீதே புது வழக்கும் பதிவாகலாம்.