பயறு விதைக்குத் தைலம்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் போடுகிறவர்களுக்கு, பங்குனியில் அடித்த பயறை அடுத்த தை வரை விதைக்காகக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. நடுவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. மூட்டையைப் பிரித்தால் உளுத்துப் போயிருக்கும். யூகலிப்டஸ் தைலம் தெளித்தால் வண்டு போகுமா என்று பலரும் கேட்கிறார்கள்.

மூடிய டிரம்மில் போகும். சாக்கு மூட்டையில் போகாது.

தைலத்தின் பலமே அது ஆவியாவதுதான். யூகலிப்டஸில் சினியோல், கிராம்பில் யூஜினால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். இவற்றின் ஆவி வண்டின் மூச்சுத் துளைகள் வழியே நுழைந்து நரம்பைத் தாக்குகிறது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் புட்டிக்குள் இது பிரமாதமாக வேலை செய்யும். சணல் சாக்கில் ஆவி தங்காது. வாசனை போனதும் வண்டு மறுபடி முட்டையிடும்.

அந்த முட்டையைக் கவனியுங்கள். விதைமேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும். வயலில் காய் முற்றும்போதே சில வந்துவிடும். புழு முட்டையின் அடிப்பக்கமாகவே விதையைக் குடைந்து உள்ளே போய்விடுகிறது. நம்மூர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகித்தான் வெளியே வரும். அதுவரை நடக்கும் சேதம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளிருக்கும் புழுவுக்குத் தைல ஆவியும் சரியாக எட்டாது.

வேப்பெண்ணெய், கடலை எண்ணெய் கணக்கு வேறு. இவை விதைமேல் படிந்து முட்டைக்குக் காற்றை அடைத்துவிடும். கிலோவுக்கு 5 மில்லி, எல்லா விதையிலும் படும்படி புரட்டினால் போதும். துவரைக்குச் செம்மண் கட்டும், அதாவது செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைக்கும், பழைய வழக்கமும் அருமையானது, அதை விட்டுவிடாதீர்கள். வசம்புத் தைலம் வண்டுக்கு நன்றாகவே கேட்கும்; ஆனால் அதிலுள்ள ஆசரோன் உடம்புக்கு ஆகாது. விதைக்கு மட்டும் போதும், சாப்பிடும் பயறுக்கு வேண்டவே வேண்டாம்.

வண்டு மாத்திரை என்று வாங்கிவந்து படுக்கும் அறை மூட்டைக்குள் போடுகிறார்களே, அதை நினைத்தால் பதறுகிறது. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அரசு அமைப்புகளும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே கையாள வேண்டிய மருந்து. தூங்குகிற குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

பயறை நல்ல வெயிலில் காயவிடுங்கள்; கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஆறவிட்டு, இறுக மூடும் டிரம்மில் விளிம்புவரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் வண்டு மூச்சுமுட்டிச் சாகும். தைலம் வைப்பதானால் பஞ்சில் நனைத்து, விதையில் படாமல் மூடிக்கு அடியில் கட்டுங்கள். நேராக ஊற்றினால் முளைப்பு கெடலாம்.

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு 100 விதையை எண்ணி ஈரத்துணியில் கட்டிவைத்துப் பாருங்கள். சான்று விதைக்கு, அதாவது தரம் பார்த்துச் சான்று தந்த விதைக்கு, 75 முளைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வேறு விதை தேட அப்போதும் நேரம் இருக்கும்.