கிடாரைத் துடைக்கும் முன் அதன் பூச்சைத் தெரிந்துகொள்ளுங்கள்

சேலத்தில் கிடார் பழுது பார்க்கிறவன் நான். போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி, அவர் அப்பா வாசித்த நைலான் தந்திக் கிடாரைக் கொண்டு வந்தார். பெட்டியைத் திறக்கும்போதே, "பளபளன்னு ஆக்கலாம்னுதான் அண்ணா துடைச்சேன், இப்படி ஆயிடுச்சு" என்றார். முன்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பூத்திருந்தது. ஓரத்தில் விரலை வைத்தேன். லேசாக ஒட்டியது. எடுத்தபோது என் விரல் ரேகை அப்படியே அதில் பதிந்திருந்தது.

"எதுல துடைச்சீங்க?"

"சானிடைசர்ங்க."

கொரோனா வந்த 2020-லிருந்து இந்தப் பதிலை நிறையக் கேட்டுவிட்டேன். பலர் கைமாற்றி வாசிக்கும் கிடார்களைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால். அந்தத் தம்பியின் கிடாரில் இருந்ததோ அரக்குப் பூச்சு. மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஆல்கஹாலில் கரைத்துத்தான் அந்தப் பாலிஷையே செய்கிறோம். பழைய மேசை நாற்காலிக்கு ஆசாரி துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாரே, பிரெஞ்சு பாலிஷ், அதேதான். எதில் கரைத்துப் பூசினோமோ அதையே ஊற்றித் துடைத்தால் பூச்சு என்ன ஆகும்?

என் பட்டறைக்குப் பூச்சு கெட்டு வரும் கிடார்களில் அதிகம், கவனிக்காமல் விட்டவை அல்ல. தப்பான பொருளால் அன்பாகத் துடைக்கப்பட்டவைதான். அதனால் துடைப்பதற்கு முன் உங்கள் கிடாரில் இருப்பது என்ன பூச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பொதுவாக மூன்று வகை. கையால் செய்த கிளாசிக்கல் கிடார்களில் அரக்கு இருக்கலாம். இரண்டாவது நைட்ரோ லேக்கர். 1920-களில் கார்களுக்கு அடிக்க வந்தது, கிடார் செய்கிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கிப்சன், மார்ட்டின் கம்பெனிகளின் விலை கூடிய மாடல்களில் இன்றும் இதுதான். மூன்றாவது பாலியூரித்தேன், பாலியஸ்டர் போன்ற கெட்டிப் பூச்சு. கடையில் வாங்கும் விலை குறைந்த கிடார்களில் பெரும்பாலானவை இந்த வகை. இது பெரும்பாலானவற்றைத் தாங்கும், அதிகம் பயப்பட வேண்டாம். நான் எழுதுவது முக்கியமாக முதல் இரண்டு வகை வைத்திருப்பவர்களுக்கு.

நைட்ரோ பூச்சின் கனம் ஒரு தாளின் கனம்தான். வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு மாறும். மிகப் பழையதில் தலைமுடி போன்ற வெடிப்புக் கோடுகள் ஓடும். பெட்டியைத் திறந்தால் லேசாக ஒரு இனிப்பு வாசம் வரும். சந்தேகமாக இருந்தால், தோளில் போடும் பட்டையை மாட்டும் குமிழைக் கழற்றி அதன் அடியில் மறைவாக இருக்கும் இடத்தில், காது குடையும் பஞ்சில் துளி தின்னர் தொட்டுப் பார்ப்பேன். பிசுபிசுத்தால் லேக்கர். ஆல்கஹாலுக்கே இளகினால் அரக்கு. இரண்டுக்கும் அசையாவிட்டால் கெட்டிப் பூச்சு. இதை வீட்டில் செய்யாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

நைட்ரோவுக்கு மிகப் பெரிய எதிரி அழுக்கு அல்ல, ரப்பர். கிடார் ஸ்டாண்டில் மெத்தென்று ஒரு ரப்பரோ ஸ்பாஞ்சோ சுற்றியிருப்பார்கள். ரப்பரையும் ரெக்ஸினையும் வளையும்படி வைத்திருக்க அதற்குள் எண்ணெய் மாதிரி ஒன்றைக் கலக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து லேக்கருக்குள் போய் அதை இளக்கிவிடும். ஒருவர் சேலத்து வெயில் காலம் முழுக்கக் கிடாரை ஸ்டாண்டிலேயே விட்டிருந்தார். எடுக்கும்போது கழுத்தின் பின்பக்கம் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ரப்பரில் இருந்த வரிகள் அச்சு எடுத்தாற்போல லேக்கரில் இருந்தன. அந்தக் கறை தேய்த்தால் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்த கறையே இல்லை. ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், அவ்வளவுதான். ரெக்ஸின் பட்டையையும் வாசித்து முடித்ததும் கழற்றித் தனியாக வையுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. ஏற்காட்டில் சாயங்காலம் ஏரிப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பவர்கள் கையில் கொசு விரட்டி தடவியிருப்பார்கள். 'டீட்' என்ற மருந்து கலந்தது என்றால் அது பிளாஸ்டிக்கையும் லேக்கரையும் கரைக்கும். முன்கை படும் இடம் மங்கிப்போய் வரும் கிடார்களைப் பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

சரி, எதில்தான் துடைப்பது? பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டி. அதைவிட நல்ல துணி எனக்குத் தெரியாது. கரையை வெட்டிவிட வேண்டும், சரிகை கீறும். முதலில் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், தூசியோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள். பிறகு, கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அப்படி வாயால் ஆவி விட்டுத் துடையுங்கள். வேர்வைத் தடத்துக்கு இதுவே போதும். அதற்கும் போகாத பிசுக்கு என்றால் துணியின் ஒரு முனையை மட்டும் நனைத்து, நன்றாகப் பிழிந்து, துடைத்த கையோடு காய்ந்த முனையால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். அதற்கும் நல்ல தண்ணிதான். போர் தண்ணீர் சொட்டு காய்ந்தால் உப்பு வளையம் நிற்கும். வெடிப்புக் கோடு விழுந்த பழைய பூச்சில் ஈரமும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். கோட்டுக்குள் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது.

பாலிஷ் வாங்கினால் சிலிக்கோன் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சிலிக்கோன் ஏறிய மரத்தில் பின்னால் லேக்கர் அடித்தால் பூச்சு பிடிக்காமல் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். கார் பாலிஷ் வேண்டவே வேண்டாம். மங்கலான மேட் பூச்சுக் கிடாருக்கு எந்தப் பாலிஷும் போடாதீர்கள், திட்டுத் திட்டாகப் பளபளக்கும்.

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர், கொலுசுக்குப் போடும் பாலிஷையே கிடாருக்கும் போட்டிருந்தார். விபூதி, பல்பொடி போட்டுத் தேய்த்தவர்களும் உண்டு. உலோகத்தை மினுக்கும் எதுவும் ஒரு நுண்ணிய அரம்தான். தாள் கனப் பூச்சில் அதைத் தேய்த்தால் சீக்கிரமே மரம் தெரியும். ஆயுத பூஜைக்குக் கிடாரில் சந்தனமும் குங்குமமும் வைப்பதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், என் பட்டறையிலும் வைக்கிறோம். ஆனால் பெட்டியின் மேல் வையுங்கள். குங்குமச் சாயம் லேக்கரில் இறங்கினால் வெளிர் நிற மரத்தில் அந்தச் சிவப்பு நின்றுவிடும்.

அந்தத் தம்பியின் கிடாருக்கு வருகிறேன். சானிடைசரில் கரைந்த அதே குணம்தான் அதைக் காப்பாற்றவும் செய்தது. புதிய அரக்கைத் தொட்டுத் தேய்க்கும்போது அதிலிருக்கும் ஆல்கஹால் பழைய அடுக்கை இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஒட்டுப் போட்டது தெரியாது. நடுவில் மூன்று நாள் மழை பிடித்தது, வேலையை நிறுத்திவிட்டேன். ஈரக் காற்றில் செய்தால் மறுபடி வெள்ளை பூக்கும். பதினோராம் நாள் முடிந்தது. கூலியைவிட அந்த விரல் ரேகை மறைந்ததுதான் எனக்குச் சந்தோஷம்.

கிடாரைத் திரும்ப வாங்க வந்த தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இங்கே வெயிலில் கொதிக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால், 1500 மீட்டர் உயரத்தில் மேலே குளிர். ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவு மாற்றம் வந்தால் மரம் ஒரு வேகத்திலும் பூச்சு ஒரு வேகத்திலும் சுருங்கும், பழைய பூச்சு வெடிப்பது இப்படித்தான். வண்டியில் டிக்கியில் போடாமல் உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் ஆசையாகத்தான் இருக்கும், இருந்தாலும் இரண்டு மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "இப்பத்தான் அண்ணா திறந்தேன்."